ஆசிரியர்களுக்கு ஆசிரியராக: கல்வியியல், கல்வி உளவியல் துறையில் பேராசிரியர் பணிக்கு வர நினைப்பவர்களுக்கு

பள்ளியில் சில ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகு, ஆசிரியர்களை உருவாக்கும் வேலைக்குப் போகலாமே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உளவியல் படித்து, மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்ற கேள்வியில் மனம் போய் இந்தப் பக்கம் வருபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வழியும் சரிதான். பள்ளியிலிருந்து வருபவருக்கு ஆய்வுமுறை போதாமல் இருக்கும். உளவியலிலிருந்து வருபவருக்கு வகுப்பறை அனுபவம் போதாமல் இருக்கும். யாரிடம் எது குறைகிறதோ அதைச் சீக்கிரமே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுரை முழுக்க நான் ஒன்றைத்தான் வலியுறுத்தப் போகிறேன். வகுப்பறையில் எழுந்த ஒரு சின்னக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, விடாமல் பல ஆண்டுகள் பின்தொடர்பவர்தான் இந்தத் துறையில் நல்ல ஆசிரியராகவும் நல்ல ஆய்வாளராகவும் நிலைக்கிறார்.

முதலில், வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பதவியில் நான்கு வேலைகள் உண்டு. ஆசிரியராகப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பது, அவர்கள் பள்ளியில் பாடம் நடத்தும்போது உடனிருந்து பார்த்து வழிகாட்டுவது, ஆய்வு செய்து எழுதுவது, துறையின் நிர்வாக வேலைகளைப் பார்ப்பது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முதலாவதும் மூன்றாவதும்தான் தெரியும். நேரத்தை அதிகம் விழுங்குவது இரண்டாவது. பள்ளிகளுக்கு அலைய வேண்டும், தலைமையாசிரியர்களிடம் பேச வேண்டும், பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். அதில் விருப்பமில்லை என்றால் உளவியல் துறையில் கற்றல், நினைவாற்றல் ஆய்வுப் பக்கம் போவது நல்லது.

பள்ளி உளவியலாளர், ஆலோசகர் பணிகளோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தனித்தனிக் குழந்தைகளின் சிக்கலை மதிப்பிட்டு உதவுவது அவர்கள் வேலை. பல நாடுகளில் அதற்குத் தனிப் பயிற்சியும் உரிமமும் தேவை. கல்வி உளவியல் பேராசிரியரின் அக்கறை கற்றல், ஊக்கம், நினைவு, மதிப்பீடு போன்றவை பொதுவாக எப்படி இயங்குகின்றன என்பதில்.

வகுப்பறையில் இருங்கள், குறிப்பெடுங்கள்

பள்ளியில் எத்தனை ஆண்டு இருந்தால் போதும் என்று பலர் கேட்கிறார்கள். பணி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விதி எதுவாக இருந்தாலும், ஒரே பாடத்தை ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று முறையாவது முழுதாக நடத்தியிருக்க வேண்டும் என்பேன். முதல் முறை நடத்தும்போது கவனமெல்லாம் நம்மீதே இருக்கும். மறுமுறை நடத்தும்போதுதான் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது கண்ணில் படும்.

அந்தத் தடுமாற்றங்களை எழுதி வையுங்கள். "இன்று வகுப்பு நன்றாகப் போனது" என்ற வகைக் குறிப்பால் பயனில்லை. எந்தக் கேள்விக்கு எந்தத் தவறான பதில் வந்தது, அந்தப் பிள்ளை அதற்கு என்ன காரணம் சொன்னது, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதிய கட்டுரையில் ஆசிரியருக்கே உரிய ஓர் அறிவைச் சுட்டிக்காட்டினார். பாடம் தெரிவது வேறு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது வேறு. இந்தப் பாடத்தின் இந்தப் பகுதி ஏன் கடினமாக இருக்கிறது, எந்த எடுத்துக்காட்டில் புரியும், எந்தத் தவறான எண்ணத்தோடு பிள்ளைகள் வருவார்கள் என்று தெரிவது மூன்றாவது. உங்கள் குறிப்பேடு அந்த மூன்றாவது அறிவின் பதிவு. பின்னாளில் உங்கள் விரிவுரைக்கான எடுத்துக்காட்டுகளும் ஆய்வுக் கேள்விகளும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.

உளவியலிலிருந்து வருபவர் முழுநேர ஆசிரியராக முடியாவிட்டால் ஒரு பள்ளியோடு தொடர்ந்து உறவு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே வகுப்பு, ஒரு பருவம் முழுக்க. பத்துப் பள்ளிகளை எட்டிப் பார்ப்பதைவிட இதில் கற்பது அதிகம்.

எதைப் படிப்பது

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஆசிரியர்களுக்கு ஆற்றிய உரைகள் 1899-இல் நூலாக வந்தன. உளவியல் ஓர் அறிவியல், கற்பித்தல் ஒரு கலை. ஓர் அறிவியலிலிருந்து ஒரு கலை நேரடியாகப் பிறந்துவிடாது, நடுவில் ஆசிரியரின் சொந்த அறிவு வேலை செய்ய வேண்டும் என்றார். நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்தத் துறையின் மையச் சிக்கல் இதுதான். உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1903-லிருந்து அளவீடு, பரிசோதனை என்ற பாதையைப் போட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1896-இல், தத்துவ அறிஞர் ஜான் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பள்ளியையே தொடங்கி அங்கே தம் கருத்துகளைச் சோதித்துப் பார்த்தார். இன்றும் ஆய்வாளர்கள் இந்த இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். இரண்டையும் படியுங்கள். கற்றலையும் மன வளர்ச்சியையும் ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி, பாண்டுரா ஆகியோரைத் தேர்வுக் குறிப்புகளில் படித்ததோடு நிறுத்தாமல், அவர்களே எழுதியதைக் கொஞ்சமாவது படிக்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது முடிவுரைக்குத் தாவாமல், யாரிடம், எத்தனை நாள் இடைவெளியில், எதை வைத்து அளந்தார்கள் என்று பாருங்கள். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பாடம். ஒரு பத்தியை மறுபடி மறுபடி படித்தவர்களும், படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மறுபடி படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னால் வந்தார்கள். எப்போது அளந்தோம் என்பதைப் பொறுத்து முடிவே தலைகீழாகிறது.

பரவலாக நம்பப்படும் கருத்துகளையும் இதே கண்ணோடு பாருங்கள். சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், அவரவர் பாணிக்கு ஏற்பக் கற்பிக்க வேண்டும் என்று பயிற்சிக் கூட்டங்களில் இன்றும் சொல்கிறார்கள். 2008-இல் ஹரால்ட் பாஷ்லரும் உடனிருந்தவர்களும் அதற்கான சான்றுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதை நியாயப்படுத்தும் அளவுக்குச் சான்று இல்லை என்று கண்டார்கள். ஆசிரியர்களுக்குச் சொல்லித்தருபவர் தவறான ஒன்றைச் சொன்னால் அது எத்தனையோ வகுப்பறைகளுக்குப் போய்ச் சேரும். அந்தப் பொறுப்பு நமக்கு உண்டு.

கேள்வியைக் குறுக்குங்கள்

முனைவர் பட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இங்கேதான். "மாணவர்களின் தன்னம்பிக்கைக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு" என்பது போன்ற தலைப்பை எடுத்து, ஒரு வினாநிரலைச் சில நூறு பேரிடம் கொடுத்து, ஒட்டுறவுக் கெழுவை (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) கணக்கிட்டு முடிக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆய்வேடுகள் ஏராளமாக இருக்கின்றன. அதைப் படித்த ஆசிரியர் நாளைக்கு எதை மாற்றிச் செய்வார் என்று கேட்டால் பதில் இருக்காது.

வேறு மாதிரி தொடங்கிப் பார்க்கலாம். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து இதை ஆராய்ந்தார். சராசரியாக ஒரு நொடிதான். மூன்று நொடி அல்லது அதற்கு மேல் காத்திருந்தபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, மாணவர்களே கேள்வி கேட்பது கூடியது. இது நன்கு அறியப்பட்ட முடிவு. பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தருகிறோம். அப்படியும் பயிற்சி ஆசிரியர் பள்ளிக்குப் போய் ஒரு நொடியில் பதிலைத் தானே சொல்லிவிடுகிறார். ஏன்?

இப்போது கையில் ஓர் ஆய்வுக் கேள்வி இருக்கிறது. அமைதியைக் கண்டு பயமா? வகுப்புக் கட்டுப்பாடு போய்விடும் என்ற எண்ணமா? பாடக்குறிப்பில் போட்ட நேரம் தீர்ந்துவிடுமோ என்ற அவசரமா? தான் படித்த காலத்தில் பார்த்த ஆசிரியர்கள் அப்படித்தான் செய்தார்கள் என்பதாலா? கடைசிக் காரணத்துக்கு சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் ஒரு விளக்கம் தந்தார். ஆசிரியராக வருபவர் பள்ளி முடிக்கும்போதே சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியர் என்ன செய்கிறார் என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஏன் செய்கிறார் என்பது தெரியவில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் அவர் பயிற்சிக்கு வருகிறார்.

காத்திருக்கும் நேரம் என்ற இந்தச் சின்ன விஷயத்தில் உளவியலும் இருக்கிறது, ஆசிரியர் கல்வியும் இருக்கிறது. கடிகாரத்தால் அளக்கலாம், ஒலிப்பதிவு செய்யலாம், பதிவைப் போட்டுக் காட்டி "இந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்கலாம். உங்கள் கேள்வி வேறாக இருக்கும். அதையும் இந்த அளவுக்குக் குறுக்கிவிட்டீர்களா என்று பாருங்கள்.

நெறியாளரைத் தேடுவது

பெயர் பெற்றவரா என்பதைவிட, அவரிடம் படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களில் இருவரிடமாவது நேரில் பேசுங்கள். எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார், கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், ஆய்வுக்கான பணம் நின்றுபோனால் என்ன ஆகும், இந்த மூன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் மடல் எழுதும்போது உங்கள் கேள்வியை ஐந்தாறு வரியில் சொல்லி, அவருடைய எந்த ஆய்வோடு அது சேருகிறது என்றும் குறிப்பிடுங்கள். "உங்களிடம் ஆய்வு செய்ய ஆசை" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது கடினம்.

ஆய்வுமுறையில் கவனிக்க வேண்டியவை

புள்ளியியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் ஒன்றை மட்டும் முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வகுப்புகளில் இருக்கிறார்கள், வகுப்புகள் பள்ளிகளில் இருக்கின்றன. ஒரே வகுப்பில் இருப்பவர்களுக்கு ஆசிரியர் ஒருவரே. அதனால் அவர்களின் மதிப்பெண்கள் ஒன்றுக்கொன்று சார்ந்திருக்கும். ஒரு வகுப்புக்குப் புதிய முறை, இன்னொரு வகுப்புக்குப் பழைய முறை என்று வைத்து, வகுப்புக்கு நாற்பது பேர், மொத்தம் எண்பது பேர் என்று கணக்குக் காட்டுகிறார்கள். உண்மையில் ஒப்பிடுவது இரண்டு வகுப்புகளை, இரண்டு ஆசிரியர்களை. வந்த வேறுபாடு முறையால் வந்ததா ஆசிரியரால் வந்ததா என்று அந்தத் தரவு ஒருபோதும் சொல்லாது.

நிறைய வகுப்புகளைச் சேர்த்தாலும் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். வகுப்புக்கு 30 பேர் வீதம் 20 வகுப்புகள், மொத்தம் 600 பேர் என்று வையுங்கள். மதிப்பெண்களில் உள்ள மாறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு வகுப்புக்கு வகுப்பு உள்ள வேறுபாடு என்றால், வடிவமைப்பு விளைவு (ஒரே வகுப்பில் சேர்ந்திருப்பதால் தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற எண்) 1 + 29 × 0.2, அதாவது 6.8. அறுநூறை அதால் வகுத்தால் ஏறத்தாழ 88. வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கொடுக்கும் முறையைச் சோதிக்கும்போது, அந்த 600 பேர் தரும் தகவல் சுமார் 88 தனித்தனி ஆட்கள் தரும் தகவலுக்குச் சமம். பிள்ளை, வகுப்பு, பள்ளி என்ற நிலைகளைத் தனித்தனியே கணக்கில் எடுக்கும் பலநிலைப் பகுப்பாய்வைக் கற்றுக்கொள்ளுங்கள். தரவு சேகரித்த பிறகு புள்ளியியலாளரிடம் ஓடுவதில் பயனில்லை. திட்டமிடும்போதே போய்ப் பேச வேண்டும்.

வினாநிரலை வேறு மொழியிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால், உருவாக்கியவரின் அனுமதி பெற்று, ஒருவரை மொழிபெயர்க்கச் சொல்லி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைத் திருப்பி மொழிபெயர்க்கச் சொல்லி ஒப்பிடுங்கள். அப்புறம் பதில் சொல்லப் போகிறவர்களில் சிலரை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியும் அவர்களுக்கு என்னவாகப் புரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வினாக்களுக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்ட உளவியலாளர் கிரான்பாக் 1951-இல் தந்த ஆல்பா மதிப்பு உயர்ந்திருக்கிறது என்பதாலேயே கருவி சரியானது ஆகிவிடாது. ஒரே தவறான பொருளை எல்லாரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டாலும் ஆல்பா உயரும்.

அடுத்தது ஆய்வு அறம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பெற்றோரின் சம்மதம், பிள்ளையின் சம்மதம் எல்லாம் தேவை என்பது தெரிந்ததே. உங்கள் சொந்த மாணவர்களையே ஆய்வுக்கு எடுக்கும்போது இன்னொன்றும் சேருகிறது. மதிப்பெண் போடுபவர் கேட்டால் மாணவரால் மறுக்க முடியாது. அதனால் சம்மதக் கடிதத்தை வேறொருவர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மதிப்பெண் அறிவிக்கப்பட்ட பிறகுதான் யார் சம்மதித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். வருத்தம் தருவது என்னவென்றால், விண்ணப்பப் படிவத்தில் இதற்கு ஒரு வரி எழுதிவிட்டு நடைமுறையில் மறந்துவிடுகிறார்கள்.

பாடம் முடிந்ததும் நடக்கும் உரையாடல்

பயிற்சி ஆசிரியர் பாடம் நடத்தி முடித்ததும் அவரோடு உட்கார்ந்து பேசும் அந்தக் கால் மணி நேரம்தான் இந்த வேலையின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். இதற்கு யாரும் நமக்குப் பயிற்சி தருவதில்லை. நாமே தேடிக் கற்க வேண்டும்.

பின்னூட்டம் கொடுத்தாலே நல்லது நடக்கும் என்பது உண்மையல்ல. 1996-இல் க்ளூகரும் டெனிசியும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பின்னூட்டம் சராசரியாக உதவியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஒப்பீடுகளில் அது செயல்திறனைக் குறைத்தது. செய்யும் வேலையிலிருந்து கவனம் விலகி ஆளின்மேல் திரும்பும்போது பின்னூட்டத்தின் பலன் குறைகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். "உங்களுக்கு வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை" என்பது ஆளைப் பற்றிய பேச்சு. "மூன்றாவது கேள்வி கேட்டதும் அதே பையனைத்தான் மறுபடி எழுப்பினீர்கள், இடப்பக்க வரிசை அதற்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டது" என்பது வேலையைப் பற்றிய பேச்சு.

பேச்சை அவரே தொடங்கட்டும். வகுப்பில் அவருக்கு எது வியப்பாக இருந்தது என்று கேளுங்கள். பிறகு நீங்கள் எழுதிய குறிப்பைக் காட்டுங்கள். அதில் மதிப்பீடு வேண்டாம், நேரமும் நடந்ததும் மட்டும் போதும். பன்னிரண்டு குறை கண்ணில் பட்டாலும் ஒன்றை மட்டும் எடுத்து, அடுத்த பாடத்தில் எந்த இடத்தில் எப்படிச் செய்து பார்ப்பார் என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். அந்தப் பாடத்துக்கும் போய்ப் பாருங்கள். இந்த மறுபடி போவது பெரும்பாலும் நடப்பதில்லை, அட்டவணை இடம் தருவதில்லை என்பார்கள். பார்க்கும் பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்தாவது மறுபடி போங்கள்.

அந்தப் பள்ளியின் ஆசிரியர் எதிரில் பயிற்சி ஆசிரியரையும், பயிற்சி ஆசிரியர் எதிரில் அந்தப் பள்ளி ஆசிரியரையும் குறைத்துப் பேச வேண்டாம்.

உங்கள் வகுப்பையும் அவர்கள் பார்க்கிறார்கள்

குழுக் கற்றலின் சிறப்பு பற்றி ஒரு மணி நேரம் தனியாகப் பேசிவிட்டுப் போனால், மாணவர்கள் கற்றுக்கொள்வது தனியாகப் பேசுவதைத்தான். ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் இடத்தில் நிறுத்தி, "இப்போது நான் ஏன் இப்படிச் செய்தேன்?" என்று கேட்டு உங்கள் முடிவுக்கான காரணத்தைத் திறந்து சொல்லுங்கள். லார்ட்டி சொன்ன அந்த மறைந்திருக்கும் 'ஏன்' வெளியே வர இது நேரான வழி. 1960-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் ட்வைட் ஆலனும் உடனிருந்தவர்களும் உருவாக்கிய நுண்ணிலைக் கற்பித்தல் இன்னும் பயன்படுகிறது: சில நிமிடப் பாடம், ஒரே திறன், பதிவைப் பார்த்துத் திருத்தம், மறுபடி நடத்துவது. பல இடங்களில் அந்த மறுபடி நடத்தும் பகுதியை விட்டுவிடுகிறார்கள். அதை விடாதீர்கள், கற்றல் அங்கேதான் நடக்கிறது.

எழுதுவது, வெளியிடுவது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். உங்கள் கட்டுரையில் நீங்கள் அதிகம் மேற்கோள் காட்டும் ஆய்விதழ்தான் அதை அனுப்ப வேண்டிய இதழ். பணம் கேட்டு, ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மடல் அனுப்பும் இதழ்களுக்குப் பதில்கூட எழுத வேண்டாம். அங்கே வெளியானது பிற்பாடு நேர்காணலில் உங்களுக்கு எதிராகவே நிற்கும். மதிப்புரை கடுமையாக வந்தால் இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். ஏற்க முடியாத இடத்தில் காரணத்தோடு மறுக்கலாம். ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை போகும்போதெல்லாம், அதே செய்தியை ஆசிரியர்கள் படிக்கும் விதத்தில் இரண்டு பக்கத்தில் உங்கள் மொழியிலும் எழுதி, தரவு தந்த பள்ளிகளுக்குக் கொடுங்கள். அடுத்த முறை அந்தப் பள்ளிக் கதவு தானாகத் திறக்கும்.

விண்ணப்பமும் முதல் ஆண்டும்

நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னால் பெரிய தலைப்பை எடுக்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரே கருத்து போதும். எதிரில் இருப்பவர்கள் பேராசிரியர்களாக இருந்தாலும் அவர்களை மாணவர்களாகவே நடத்துங்கள், கேள்வி கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். "உங்கள் ஆய்வு எங்கள் மாணவர்களுக்கு எப்படிப் பயன்படும்?" என்ற கேள்வி அநேகமாக வரும். அதற்கு ஒரு குறிப்பிட்ட பாடவேளையை எடுத்துக்காட்டாகச் சொல்லும்படி தயாராகுங்கள். அந்தத் துறை எந்தப் பள்ளிகளோடு சேர்ந்து வேலை செய்கிறது, ஒருவர் எத்தனை பயிற்சி ஆசிரியர்களைப் பார்க்க வேண்டும், அந்த நேரம் பணிச்சுமையில் கணக்கிடப்படுகிறதா என்று நீங்களும் கேளுங்கள்.

வேலை கிடைத்ததும் எல்லாக் குழுவிலும் பெயரைச் சேர்ப்பார்கள். புதியவர் மறுப்பது சிரமம்தான். இரண்டை ஏற்றுக்கொண்டு, மூன்றாவது வரும்போது துறைத் தலைவரிடம் போய், "இதைச் செய்ய எதை விடட்டும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வாரத்தில் ஒரு காலைப்பொழுதை எழுதுவதற்கென்று ஒதுக்கி அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். முதல் பருவத்தில் புதுத் தரவு சேகரிக்கத் தொடங்காமல், ஆய்வேட்டிலிருந்து மீதமிருக்கும் கட்டுரைகளை முடியுங்கள். பள்ளிகளுக்குப் போகும் நாட்களில் பழைய குறிப்பேட்டைக் கையோடு எடுத்துப் போய், பின்வரிசையில் பார்ப்பதை அதில் எழுதுங்கள். இரண்டாம் பருவம் தொடங்குவதற்குள் அதைப் புரட்டி, திரும்பத் திரும்ப வரும் ஒன்றைக் குறித்துக்கொண்டு, அந்தப் பள்ளியின் ஓர் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டி, இருவரும் சேர்ந்து அதைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.